மலேரியாதானே

எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் யாருக்கும் பயமில்லை. மழை தொடங்கிவிட்டால் வீட்டுக்கு ஒருவர் துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடப்பார். என்ன ஆச்சு என்று கேட்டால் "மலேரியாதானே" என்பார்கள். ஏதோ சொந்தக்காரன் வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் மசாவுகோ. மலாவி ஏரியின் தென்கரையில் ஒரு சுகாதார நிலையத்தில் பதினோரு வருஷமாக ரத்தம் பார்க்கிறேன். விரலில் குத்துவேன், சொட்டை எடுத்துச் சோதனைப் பட்டையில் விடுவேன், கால் மணி நேரம் கழித்துக் கோட்டைப் படிப்பேன். ஒரு கோடு என்றால் மலேரியா இல்லை. இரண்டு கோடு என்றால் இருக்கிறது, மஞ்சள் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஜனவரியில் ஒரு நாளைக்கு எண்பது விரல் குத்துவேன். அதில் ஐம்பது பேருக்கு இரண்டு கோடு வரும். அந்த ஐம்பது பேருக்கும் அதற்கு மேல் யாரும் எதையும் தேடுவதில்லை.

எச்.ஐ.வி. பார்க்கிற பட்டையும் இதே மாதிரிதான். அதே விரல், அதே சொட்டு. ஆனால் அது என் மேஜையில் இருக்காது. பின்கட்டில், தனி வாசல் வைத்த அறையில், இரும்பு அலமாரிக்குள் இருக்கும். சாவி நமகோவா அம்மாவிடம். ஆலோசனை சொல்கிறவர் அவர்தான். மூன்று நிலையங்களுக்கு அவர் ஒருத்தர் என்பதால் எங்களிடம் செவ்வாயும் வியாழனும் மட்டும் சைக்கிளில் வருவார். மலேரியாவுக்குப் பணம் கொடுக்கிற தேசம் வேறு, எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிற தேசம் வேறு. ஆகவே பதிவேடு வேறு, அலமாரி வேறு, பூட்டு வேறு. வருகிற மனுஷனுக்குத்தான் பாவம், இரண்டு உடம்பு கொடுக்க யாரும் முன்வரவில்லை.

அந்தத் தனி வாசலுக்கு முன்னால் ஒரு பெஞ்சு உண்டு. காலையில் அதில் உட்கார்ந்தவன் பெயர் சாயங்காலத்துக்குள் மீன் காயப்போடுகிற பரண் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் எங்கள் ஊர்க்காரன் அக்கரையில் போய் மாத்திரை வாங்குவான், அக்கரைக்காரன் எங்கள் பெஞ்சுக்கு வருவான். ஆளுக்கு ஒரு சுகாதாரப் புத்தகம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஆட்கள் இரண்டு வைத்துக்கொள்வார்கள். ஒன்று காய்ச்சலுக்கும் பல்வலிக்கும், எல்லோரும் பார்க்கலாம். இன்னொன்று அரிசி மூட்டைக்கு அடியிலோ படகின் பலகை இடுக்கிலோ கிடக்கும். டாக்டர் ஒரு புத்தகத்தைப் பார்த்து மருந்து எழுதுவார், நோய் இன்னொரு புத்தகத்தில் இருக்கும்.

என் தங்கை அலினாஃபேயின் புருஷன் லாமெக் போன ஆகஸ்டில் காய்ச்சலோடு வந்தான். மலேரியாப் பட்டையில் இரண்டு கோடு. மாத்திரையை வாங்கிய பிறகும் அவன் எழுந்து போகவில்லை.

"மச்சான், அந்த இன்னொன்னையும் பாத்துருங்களேன்," என்றான்.

"அது நமகோவா அம்மா பாக்கறது. அந்தப் பக்கம் போ."

"அந்த பெஞ்சுல நான் உக்காரவா? நல்லா இருக்கே. நீங்களே பாருங்க. உங்க வாயிலேருந்து வெளிய போகாதுன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

அன்று வியாழக்கிழமை. நமகோவா அம்மாவிடம் சொல்லி நானே பட்டைகளை வாங்கி வந்து பார்த்தேன். முதல் பட்டையில் இரண்டு கோடு. உறுதி செய்கிற அடுத்த பட்டையிலும் இரண்டு கோடு. லாமெக் அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அவனுக்கு முன்பே தெரியும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

"அலினாஃபேகிட்ட சொல்லணும் மாப்ள. அவளும் பாத்துக்கணும். கைக்குழந்தை இருக்கு."

"சொல்றேன் மச்சான். ஒரு மாசம் குடுங்க. நானே சொல்றேன்."

அவன் என்னிடம் ஏன் வந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஊரிலேயே அவனைப் பற்றி வாய் திறக்க வேண்டிய ஒரே ஆள் நான். எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவளுடைய அண்ணனோ தாய்மாமனோ அந்தக் கல்யாணத்துக்குப் பொறுப்பேற்றுப் பாயில் உட்கார வேண்டும். புருஷன் அடித்தாலும், பட்டினி போட்டாலும், இன்னொருத்தியிடம் போனாலும் அவளுக்காகப் பேச வேண்டியவன் அவன்தான். அலினாஃபேக்கு அது நான். ஆனால் அதே நான் வேலையில் சேர்ந்த அன்று, நோயாளியின் ரகசியத்தை அவன் சம்மதம் இல்லாமல் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். லாமெக் படிப்பு இல்லாதவன்தான். ஆனாலும் மணி மணியாகக் கணக்குப் போட்டிருக்கிறான். பேச வேண்டிய வாயை அவனே வந்து தைத்துவிட்டுப் போனான்.

ஒரு மாசம் இரண்டு ஆனது. கேட்கும்போதெல்லாம் "இந்த வாரம் மச்சான்" என்பான். அக்கரையில் மாத்திரை வாங்கத் தொடங்கிவிட்டான் என்று அவனே சொன்னான். அவன் முகம் தெளிந்தது. கன்னத்தில் சதை வைத்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது.

நவம்பரில் முதல் மழையோடு அலினாஃபே காய்ச்சலில் வந்தாள். முதுகில் குழந்தை தடாலா, அப்போது ஒன்பது மாசம். விரலைக் குத்தினேன். இரண்டு கோடு.

"மலேரியாதானே," என்றாள். "நான் ஏதோன்னு பயந்துட்டேன். குடு மாத்திரைய. மீன் காயப்போட்டுட்டு வந்துருக்கேன், காக்கா தின்னுரும்."

"செவ்வாக்கிழமை ஒரு தடவை வாயேன். இன்னொரு டெஸ்ட்டும் பாத்துருவோம். எல்லாரும் பாத்துக்கணும்னுதான் இப்ப சொல்றாங்க."

"எந்த டெஸ்ட்?"

சொன்னேன். அவள் முகம் மாறியது.

"ஏண்ணே, என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது? தடாலா வயித்துல இருக்கறப்பவே பாத்தாச்சு. சுத்தமா இருந்துச்சு. புத்தகத்துல முத்திரை இருக்கு, பாக்கறியா?"

"அது அப்ப."

"அப்பறம் மட்டும் நான் எங்க போனேன்? மீன் பரணுக்கும் வீட்டுக்கும்தான் போனேன். மீனு குடுக்குமா அந்த நோய?"

உன் புருஷன் எங்கே போனான் என்று கேள் என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். விதி விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால் வேலை போய்விடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பக்கத்து நிலையத்தில் ஒரு நர்சு இப்படி வாயைவிட்டு வேலையை இழந்து இப்போது சந்தையில் தக்காளி விற்கிறாள். அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

டிசம்பரில் மறுபடி காய்ச்சல். மறுபடி இரண்டு கோடு. அந்தப் பட்டை மீது எனக்கு நம்பிக்கை கிடையாது. மலேரியா குணமாகி மூன்று நாலு வாரம் ஆன பிறகும் அது இரண்டு கோடு காட்டும். பழைய கோட்டைப் பார்த்துப் புது மாத்திரை கொடுத்தால், புதிதாக வந்திருக்கிற வேறொன்று ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். இதை நிலையத்தின் பொறுப்பில் இருக்கிற மலூங்காவிடம் போய்ச் சொன்னேன். ஊர் அவரை டாக்டர் என்று கூப்பிடும். அவரும் மறுப்பதில்லை.

"சார், காய்ச்சல்னு வர்ற எல்லாருக்கும் ரெண்டு பட்டையும் பாக்கலாம் சார். சம்மதம் கேட்டுட்டுத்தான். குத்தறது ஒரு தடவதானே."

"மலேரியா இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். ஆனா இருந்தா இன்னொன்னு இருக்கக் கூடாதுன்னு என்ன இருக்கு?"

"மசாவுகோ, வெளிய எண்பது பேர் நிக்கறான். கெடைச்ச நோய வச்சுக்கிட்டு சந்தோஷமா வைத்தியம் பாருய்யா. இல்லாதத ஏன் தேடற?" என்று சொல்லிவிட்டு மலூங்கா சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்சும் சிரித்தாள். எனக்கு அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

"அப்ப அந்த அலமாரிச் சாவியாவது ஒண்ணு இங்க இருக்கட்டும் சார்."

"அது அவங்க திட்டத்துப் பொருள். கணக்குக் கேப்பாங்க. நமக்கெதுக்கு வம்பு?"

ஜனவரி இரண்டாவது வாரம் அலினாஃபே மூன்றாவது தடவையாக வந்தபோது நான் பட்டையைத் தொடவில்லை. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இந்த ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த பெரியவர்களின் ரத்தத்தில் அவ்வளவு கிருமி இருக்காது. சின்ன வயதிலிருந்து கொசு கடித்துக் கடித்து உடம்பு சண்டை போடப் பழகியிருக்கும். கிருமி இருந்தாலும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் தெரியும். அலினாஃபேயின் ரத்தத்தில் எங்கே பார்த்தாலும் கிருமி. முந்தாநாள் விமானத்தில் வந்து இறங்கிய வெளியூர்க்காரியின் ரத்தம் மாதிரி இருந்தது. அவள் உடம்பு சண்டை போடுவதையே விட்டுவிட்டிருந்தது. கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கட்டி.

"செவ்வாக்கிழமை வா. கண்டிப்பா வா," என்றேன்.

"திரும்பத் திரும்ப அதையே சொல்லாதண்ணே. நீ ரத்தம் பாக்கறவன்னா பாக்கறதோட இரு. நாளைக்கு ஊர் என்ன பேசும்? சொந்த அண்ணனே சந்தேகப்பட்டான்னு பேசும்." அவளால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே இதைச் சொன்னாள்.

நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேரே படகுத் துறைக்குப் போனேன். உச்சி வெயில். லாமெக் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். கொசுவுக்காகச் சுகாதார நிலையம் கொடுத்த வலையைக் கிழித்துத்தான் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"எந்திரி," என்றேன்.

"என்ன மச்சான், இந்த வெயில்ல?"

"அவ சாகப் போறா. சொன்னியா இல்லையா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவளுக்கு மலேரியான்னுதானே சொன்னீங்க."

"மலேரியாதான். அது மட்டும்தான்னு யாரு சொன்னா?"

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பதினோரு வருஷமாக மற்றவர்களின் ரத்தத்தைத் தொட்ட கை அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தனை அடிக்க ஓங்கியது. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"நீ மாத்திரை தின்னுக்கிட்டு குண்டாயிட்ட. அவ எலும்பாயிட்டா. குழந்தை அவகிட்டதானே பால் குடிக்குது. உனக்கு மனுஷத்தனம் இருக்கா?"

"மச்சான், நான் இருக்கறது உங்க ஊரு. வீடு அவளோடது, நெலம் அவளோடது. சொன்ன மறுநாள் நீங்கதான் பாயப் போட்டு உக்காந்து என்னைப் போகச் சொல்லுவீங்க. நான் போர்வையச் சுருட்டிக்கிட்டு எங்க போவேன்? எங்க அம்மா செத்தாச்சு. அக்கா வீட்டு வாசல்ல போய் நிக்கவா?" அவன் கண் கலங்கியிருந்தது. "நீங்க சொல்லிருங்களேன். எனக்கு வாய் வரல."

"நான் சொல்லக்கூடாதுன்னுதானே என்கிட்ட வந்த. இப்ப என்னச் சொல்லச் சொல்ற. சம்மதம்னு நமகோவா அம்மா முன்னால கையெழுத்துப் போடு, இப்பவே சொல்றேன்."

"செவ்வாக்கிழமை வரேன். அவளயும் கூட்டிட்டு வரேன். சத்தியமா."

செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் படகு துறையில் இல்லை. அக்கரைக்கு மீன் கொண்டு போயிருக்கிறான் என்றார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலினாஃபேயைச் சைக்கிளின் பின் சீட்டில் துணியால் கட்டிக் கொண்டுவந்தார்கள். தலை தொங்கிக்கொண்டிருந்தது. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி தடாலாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மலூங்கா கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், ஊசி போட்டார், மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வண்டி கேட்டார். பிறகு சீட்டில் 'முற்றிய மலேரியா' என்று எழுதத் தொடங்கினார்.

"அதோட நிறுத்தாதீங்க சார். அங்க போனாலும் இந்தச் சீட்டப் பாத்து மலேரியாவுக்கு மட்டும்தான் பாப்பாங்க."

"வேற என்ன எழுதச் சொல்ற? எனக்குத் தெரிஞ்சதத்தான் எழுத முடியும்."

"பாத்துச் சொல்றேன்."

"சாவி நாளைக்குத்தான்யா வரும்."

வண்டிச் சக்கரம் மாற்றுகிற இரும்புக் கம்பி ஒன்று மருந்து அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். பூட்டு இரண்டாவது அடியில் தெறித்தது. பெஞ்சில் யாரும் இல்லை, அன்று திங்கட்கிழமை அல்லவா. சத்தம் கேட்டு முன்பக்கம் உட்கார்ந்திருந்த காய்ச்சல்காரர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மலூங்கா பின்னாலேயே வந்து "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, இதுக்கு நான் பொறுப்பில்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் எதற்கும் பொறுப்பில்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்.

அலினாஃபேயின் காதருகே குனிந்து கேட்டேன். "பாக்கட்டுமா? நீ சரின்னாத்தான் பாப்பேன்."

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "எத வேணா பாரு. தண்ணி குடு."

இரண்டு பட்டையிலும் இரண்டு கோடு. காத்திருக்க வேண்டிய நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கோடு பளிச்சென்று வந்துவிட்டது. மலூங்கா சீட்டை வாங்கி, தான் எழுதியதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். ஒரே ஒரு வரி. அதை எழுத எங்களுக்கு ஐந்து மாசம் பிடித்தது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் அவளுக்கு நுரையீரலிலும் சளி கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் தேடியிருக்க மாட்டார்கள் என்று அங்கே இருந்த இளம் டாக்டரம்மா என்னிடமே சொன்னார். நான்கு நாள் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஐந்தாம் நாள் உட்கார்ந்தாள். லாமெக் மூன்றாம் நாளே வந்துவிட்டான். நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் சமைக்கிற கொட்டகையில் அவன் சோளமாவுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவனைத் தாண்டி வார்டுக்குப் போனேன்.

எட்டாம் நாள் நான் வறுத்த மீனும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். மனசு லேசாகத்தான் இருந்தது. அவள் பிழைத்துவிட்டாள், பூட்டை உடைத்தவன் நான், ஊரே அதைப் பேசுகிறது. வேலையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அதைக்கூடச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன், காட்டலாம் என்று. என் மூஞ்சிக்கு ஒரு பாராட்டுக் கேட்டது.

அவள் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவரு எல்லாம் சொன்னாரு," என்றாள்.

"இப்பவாவது வாயத் தொறந்தானே."

"நீதான் அவருக்குப் பாத்தியாமே."

நான் ஆரஞ்சைக் கட்டிலில் வைத்தேன்.

"எப்பண்ணே பாத்த?"

"ஆகஸ்ட்ல."

அவள் விரலை மடக்கினாள். "நவம்பர்ல என் விரலக் குத்தின. டிசம்பர்ல குத்தின. ஜனவரியில குத்தின. அப்பல்லாம் உனக்குத் தெரியும்."

"நான் சொல்லக் கூடாது அலினாஃபே. கையெழுத்துப் போட்டுருக்கேன். சொன்னா வேலை போயிரும், ஜெயில்லகூடப் போடலாம். நான் உன்ன வரச் சொல்லிக்கிட்டேதானே இருந்தேன்?"

"சொன்ன. ரேடியோல சொல்ற மாதிரி சொன்ன. எல்லாரும் பாத்துக்கணும்னு சொன்ன. என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, என் முகத்தப் பாத்து, கெஞ்சிக் கேட்டியா? உன் கண்ணுல தண்ணி வந்துருந்தா நான் புரிஞ்சுக்கிட்டிருப்பேன். ஒரு வார்த்தையும் பேசியிருக்க வேணாம்."

"தப்பு பண்ணது அவன். என்கிட்ட ஏன் கோபப்படற? அவனக் கேளு."

"கேட்டேன். அவரு பயந்துட்டாரு. பயந்தவன் பொய் சொல்லுவான், அத என்னால புரிஞ்சுக்க முடியுது. எனக்காகப் பேசறேன்னு ஊரு முன்னால பாயில உக்காந்தவன் நீ. நீ எதுக்குப் பயந்த? தக்காளி விக்க வேண்டி வந்துருமேன்னா?"

அவள் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"பூட்ட உடைச்சியாம். எல்லாரும் சொல்றாங்க. நவம்பர்லயும் அதே பூட்டுதானே தொங்கிச்சு? இத்தனை மாசமும் இவளுக்கு நான் பால் குடுத்துருக்கேன். அப்பவே தெரிஞ்சிருந்தா அப்பவே மாத்திரை எடுத்திருப்பேன், இவளுக்குப் போயிருக்காது. இப்ப இவளுக்குப் போயிருக்கா இல்லையான்னு உன்னால சொல்ல முடியுமா?"

"சின்னக் குழந்தைக்குப் பட்டை சரியாக் காட்டாது, ரத்தம் அனுப்பணும். தலைநகரத்துலேருந்து முடிவு வரணும். ஆறு வாரம் ஆகும்."

"அனுப்பறேன். நீ எடுக்க வேணாம். இனிமே எங்க மூணு பேரு விரலையும் நீ தொட வேணாம்."

அவள் ஊருக்குத் திரும்பியதும் எங்கள் அம்மாவின் தம்பி சின்ன மாமாவை வரச்சொல்லிப் பாய் போட்டாள். லாமெக்கைப் போகச் சொல்வதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பேசத் தயாராக வந்து உட்கார்ந்தேன். அவள் சொன்னது வேறு. லாமெக் இருக்கட்டும், இரண்டு பேரும் ஒன்றாக மாத்திரை சாப்பிடுகிறோம், ஒருத்தர் மறந்தால் இன்னொருத்தர் ஞாபகப்படுத்துவோம் என்றாள். பிறகு சின்ன மாமாவைப் பார்த்து, இனிமேல் இந்தக் கல்யாணத்துக்கு நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள், எனக்காகப் பேச மசாவுகோ அண்ணன் வேண்டாம் என்றாள். மாமா என்னைப் பார்த்தார். காரணம் கேட்டார். அவள் சொல்லவில்லை. எனக்காக அதை மறைத்தாளா, அல்லது சொல்லக்கூடத் தகுதியில்லை என்று நினைத்தாளா, தெரியாது. வீட்டையும் நிலத்தையும் எண்ணிப் பயந்து பொய் சொன்னவன் பாயின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தான். அவளுடைய ரத்தத்தைச் சேர்ந்த நான் எழுந்து வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது, யார் மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வேலை போகவில்லை. எச்சரித்து விட்டுவிட்டார்கள். இன்னும் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டார்கள்.

தடாலாவின் குதிகாலில் ரத்தம் எடுத்தது நமகோவா அம்மா. அட்டையில் ஐந்து சொட்டு. அது தலைநகரம் போனது. ஆறு வாரம் என்றது ஒன்பது வாரம் ஆனது. ஏப்ரல் கடைசியில், மழை ஓய்ந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை உறை வந்ததைப் பார்த்தேன். மத்தியானம் அலினாஃபே குழந்தையோடு வந்து அந்தப் பெஞ்சில், எல்லோரும் பார்க்க, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து என் ஜன்னலைத் தாண்டிப் போனாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நமகோவா அம்மா சைக்கிளை எடுக்கும்போது போய் நின்றேன்.

"முடிவு என்னம்மா?"

"வந்துருக்கு."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

அவர் கைப்பையைக் கேரியரில் வைத்துக் கட்டினார். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உன் தங்கச்சி சொல்லியிருக்கா தம்பி."

"நான் அவ அண்ணன்."

"தெரியும்."

"குழந்தைக்கு இருக்கா இல்லையா, அவ்வளவுதாம்மா. வாயத் தொறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க."

"பெத்தவ வேணாம்னு சொன்ன பெறகு நான் எப்படி ஆட்டறது? விதி என்னன்னு உனக்குத் தெரியாததா?"

"விதியாவது மண்ணாவது," என்று கத்தினேன். முன்பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. என் தோளில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தினமும் தங்கை வீட்டைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். தடாலா மீன் பரணுக்குக் கீழே மண்ணில் விளையாடிக்கொண்டிருப்பாள். இப்போது நடக்கிறாள். சைக்கிளை மெதுவாக்கித் தூரத்திலிருந்தே அவளைப் பார்க்கிறேன். கழுத்தில் கட்டி இருக்கிறதா, வாயில் வெள்ளை படிந்திருக்கிறதா, போன வாரத்துக்கு இந்த வாரம் இளைத்திருக்கிறாளா என்று பார்க்கிறேன். அலினாஃபே என்னைக் கவனித்துவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.